பிரேக் பெடல் கல்லாக இறுகினால்: காற்று போகும் வழியே தேடுங்கள்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் என் பழைய டீசல் காரின் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. சுவரை மிதிப்பது போல இருந்தது. இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்ததால் தப்பித்தேன். கீழே வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு "பூஸ்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். பூஸ்டர் என்பது மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பாகம். மாற்றினோம். நான்கே நாளில் மறுபடியும் அதே கல்.

கடைசியில் பார்த்தால், இன்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்தபோது உள் அடுக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. இன்ஜினில் இருக்கும் உறிஞ்சும் பம்ப் காற்றை இழுக்கும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைத்திருக்கிறது. பூஸ்டருக்குக் கொடுத்த ஆயிரங்கள் வீண். ஹோஸுக்கு ஆனது சில நூறு ரூபாய்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் எந்த பார்ட்டை மாற்றுவது என்ற பேச்சு பின்னால்தான் வரும். முதலில் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்ப்பது, அப்புறம் பானெட்டுக்குள் காற்று போகும் வழியைத் தொடர்வது, அதற்கும் அப்புறம்தான் ஸ்பானர்.

ஓடும்போதே இறுகினால்

படித்துவிட்டு மறந்துவிடக் கூடாத பகுதி இது. பெடல் இறுகியதும் பதற்றத்தில் டக் டக்கென்று பம்ப் அடிக்காதீர்கள். பெடல் ஆழமாக இறங்கிவிட்டால்தான் பம்ப் அடிப்பது உதவும். இறுகிய பெடலில் பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மிதிக்கான சக்தியையும் அது தீர்த்துவிடும். சீட்டில் முதுகை அழுத்தி, முடிந்தால் இரண்டு காலாலும் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அமுக்கியபடியே மெதுவாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும். இன்ஜினை அணைக்கவே கூடாது.

பெடல் இறுகினாலும் பிரேக் அறவே போய்விடுவதில்லை. ஐ.நா.வின் 13-எச் என்ற கார் பிரேக் விதிப்படி, பெடலில் 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ அழுத்தம் வரைதான் தரலாம். அதற்குள் சரியான பிரேக் விநாடிக்கு விநாடி 6.43 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க வேண்டும். பூஸ்டர் போன்ற பாகம் செயலிழந்தாலும் 2.44 மீட்டராவது குறைக்க வேண்டும். கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சரியான பிரேக்குக்கு 22 மீட்டர் போதும். உதவி இல்லாத பிரேக்குக்குக் கிட்டத்தட்ட 57 மீட்டர் வேண்டும். முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சரி செய்யும்வரை காரை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டோ செய்யுங்கள்.

பெடலுக்குப் பின்னால் இருப்பது காற்று

உங்கள் கால் தனியாக காரை நிறுத்துவதில்லை. பெடலுக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே ஒரு பெரிய கறுப்பு டப்பா இருக்கும். அதுதான் பூஸ்டர், சிலர் செர்வோ என்பார்கள். உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் தடுப்பு. கால் வைக்காதபோது அதன் இரு பக்கமும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமாக இருக்கும், இதை மெக்கானிக்குகள் வேக்யூம் என்பார்கள். மிதித்ததும் பெடல் பக்கத்து வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே வந்து டயாஃப்ரத்தை முன்னால் தள்ளும். உங்களோடு சேர்ந்து மிதிப்பது வெளிக்காற்றுதான்.

அது எவ்வளவு தள்ளும்? 9 இன்ச் பூஸ்டரின் பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். வேக்யூம் 20 பாதரச இன்ச் (வேக்யூமை அளக்கும் அலகு) இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 0.69 கிலோ அழுத்தம்; மொத்தம் 280 கிலோ. ஓரமும் நடு ராடும் கழிந்தாலும் 200 கிலோவுக்கு மேல் தேறும். அந்த ஆள் திடீரென்று விலகிக்கொண்டால் பெடல் கல்லாகாமல் என்ன செய்யும்?

வேக்யூம் எங்கிருந்து வருகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டே உறிஞ்சிக் கொடுக்கும். டீசலில் அப்படி உறிஞ்சல் வராது, அதனால் தனியாக வேக்யூம் பம்ப் இருக்கும். சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில், சிலவற்றில் கேம்ஷாஃப்ட் முனையில். டர்போ பெட்ரோல் பலவற்றிலும் பம்ப் உண்டு. மின்சாரக் கார்களில் மோட்டார் வைத்த பம்போ முழுக்க மின்சார பூஸ்டரோ இருக்கும். அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வீட்டில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள்.

இது தெரிந்தால், இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது எப்பேர்ப்பட்ட விளையாட்டு என்று புரியும். இரண்டு மூன்று மிதியோடு உதவி முடிந்துவிடும். வால்பாறை இறக்கத்திலோ 40 கொண்டை ஊசி வளைவுகள்.

முதலில் கீழே குனிந்து பாருங்கள்

பெடலுக்கு அடியில் உருண்டு வந்த தண்ணீர் பாட்டில், மடங்கிக்கிடக்கும் மேட். சிரிக்காதீர்கள், பெடல் இறங்காததற்கு இவையும் காரணம். டிரைவர் சீட்டுக்கு அடியில் பாட்டில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இன்னொரு பொய் அலாரம்: இரவெல்லாம் நின்ற காரில் குழந்தை ஏறி நாலு தடவை பெடலை மிதித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் பெடல் இறுகியிருக்கும்; பட்டன் ஸ்டார்ட் காரானால் ஸ்டார்ட்டும் ஆகாது. லேசாக மிதித்தால் பிரேக் சுவிட்ச் வரை பெடல் நகராது என்பதுதான் காரணம். பலமாக மிதித்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெடல் இளகினால் பழுது இல்லை. ஆனால் யாரும் தொடாமலே தினமும் காலையில் இப்படி இருந்தால் ஒன்-வே வால்வைச் சந்தேகியுங்கள். அதைப் பற்றி கீழே சொல்கிறேன்.

சீட்டில் உட்கார்ந்தே 3 சோதனைகள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்ட வேண்டாம்.

சோதனை 1. இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். நன்றாக இறுகியதும் காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் தானாகக் கீழே இறங்க வேண்டும். அந்த இறக்கம் காலுக்குத் தெளிவாகத் தெரியும், ஒரு முறை உணர்ந்தால் மறக்காது. இறங்கவே இல்லையென்றால் பூஸ்டருக்கு வேக்யூம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. இறங்கினால் காற்றுப் பக்கம் பெரும்பாலும் சரி. சக்கரப் பக்கம் பாருங்கள், அது 'காற்று சரி, ஆனாலும் இறுக்கம்' என்ற பகுதியில்.

சோதனை 2. இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்து, நிதானமாக மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தது கொஞ்சம் மேலேயும் மூன்றாவது இன்னும் மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியே கல் என்றால், சேர்த்துவைத்த வேக்யூம் எங்கோ கசிந்துவிட்டது.

சோதனை 3. இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை அணைத்து, 30 விநாடி அப்படியே இருங்கள். பெடல் அசையாமல் நின்றால் நல்லது. காலை மேலே தள்ளினால் பூஸ்டரிலோ வால்விலோ கசிவு.

இதற்கிடையே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மிதிக்கும் நொடியில் பெடல் அருகே "ஸ்ஸ்" என்று ஒரு சின்ன மூச்சு கேட்பது இயல்பு. மிதித்துப் பிடித்திருக்கும்வரை அது நிற்காமல் கேட்டால் டயாஃப்ரமோ உள் வால்வோ கிழிந்திருக்கலாம். பெட்ரோல் காரில் மிதித்ததும் இன்ஜின் சத்தம் தடுமாறுவதும் இதே கதைதான்.

பானெட்டுக்குள்: ஹோஸ், வால்வு, பம்ப்

வேட்டி, துண்டு, தொங்கும் துப்பட்டாவோடு ஓடும் இன்ஜின் மேல் குனியாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுழலும்.

பூஸ்டரில் குரோமெட் என்ற ரப்பர் வளையத்தில் செருகிய பிளாஸ்டிக் ஒன்-வே வால்வும் (காற்றை ஒரே பக்கம் மட்டும் விடுவது), அதிலிருந்து போகும் தடித்த ஹோஸும் தெரியும். சில கார்களில் வால்வு ஹோஸின் நடுவிலேயே இருக்கும். இன்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து பூஸ்டர் முனையில் செருகியிருக்கும் வால்வையோ ஹோஸையோ ஆட்டி ஆட்டி வெளியே இழுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே பாய வேண்டும். அந்த "புஸ்" வராவிட்டால் பூஸ்டர் வேக்யூமைப் பிடித்துவைக்கவில்லை, அல்லது அதற்கு வேக்யூம் வரவே இல்லை.

இரண்டில் எது என்று தெரிய, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கழற்றிய முனையில் கட்டைவிரலை வையுங்கள். விரலைப் பற்றி இழுக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின், முனை திறந்திருக்கும்போது தடுமாறும். விரலால் அடைத்ததும் சீராகும். 'இழுக்கிற மாதிரிதான் இருக்கு' என்ற அளவில் இருந்தால் விரலை நம்பாதீர்கள், வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் ஐடிலில் 16 முதல் 22 பாதரச இன்ச்சுக்குள் முள் ஆடாமல் நிற்கும். டீசல் பம்ப் என்றால் 20-ஐ விரைவாகத் தாண்ட வேண்டும்.

இது சமவெளிக் கணக்கு. கடல்மட்டத்தில் காற்றழுத்தமே 30 பாதரச இன்ச். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 23 தான். அங்கே கேஜ் ஆறேழு இன்ச் குறைவாகக் காட்டும், பெடலும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். கோவையில் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றும் ஹோஸ் மலை ஏறியதும் மாட்டிக்கொள்வது இதனால்தான். என் கதையும் அதுவே.

ஹோஸைக் கண்ணால் பார்ப்பது போதாது. முழுதாகக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். விரல்களால் நசுக்கிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்றோ மொடமொடவென்றோ இருந்தால் அங்கேதான் பிரச்சினை. டீசலில் பம்பின் எண்ணெய் ஆவி ஹோஸுக்குள் படிந்து ரப்பரை உரிக்கும். எலி கடித்த இடம் பெரும்பாலும் அடிப்பக்கம் ஒளிந்திருக்கும், மழைக்காலத்தில் கட்டாயம் பாருங்கள். மாற்றும்போது 'அதே தடிமன் தானே' என்று பெட்ரோல் பைப்பை வெட்டி மாட்ட விடாதீர்கள். அது உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்காகச் செய்தது, உறிஞ்சினால் சப்பி மூடிக்கொள்ளும். பிரேக் வேக்யூம் ஹோஸ் என்றே கேட்டு, அளவுக்குச் சரியான கிளிப்போடு வாங்குங்கள்.

அடுத்தது ஒன்-வே வால்வு. சில கடைகளில் என்.ஆர்.வி. என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று இன்ஜின் பக்கம் போக வேண்டும். திருப்பி ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனாலும் தப்பு, இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் தப்பு. துடைத்துவிட்டு ஒரு சின்ன டியூப் செருகி ஊதுங்கள், வாய் வைக்காதீர்கள். புதியதை மாட்டும்போது அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும். கெட்டியாகி வெடித்த குரோமெட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

டீசலில் இன்னொரு திருட்டு நடக்கும். அதே பம்பிலிருந்து டர்போவுக்கும், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வுக்கும் பென்சில் தடிமனுக்கும் குறைவான டியூப்கள் பிரிந்து போகும். அதில் ஒன்று கழன்றிருந்தாலும் பிரேக்குக்கான வேக்யூம் அங்கே போய்விடும். கிளையை ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள், எதை அடைத்ததும் கேஜ் ஏறுகிறதோ அதுதான் ஓட்டை. கிளைகளை எல்லாம் அடைத்தும் ஏறவில்லையென்றால் பம்ப். மாற்றுவதற்கு முன் இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள், இந்தப் பம்ப் அந்த ஆயிலில்தான் வாழ்கிறது. ஆல்டர்னேட்டர் பம்பில் ஆயில் பைப் அடைத்திருந்தால் புதுப் பம்பும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பெட்ரோல் காரில் ஹோஸும் வால்வும் சரியாக இருந்தும் கேஜ் 12, 13 என்று காட்டினால் அது இன்ஜின் நோய். மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு, டைமிங் தப்பியது, அடைத்த சைலன்சர் என்று அது வேறு வழி.

பூஸ்டர்தான் என்று உறுதியானால்

வேக்யூம் நன்றாக வருகிறது, வால்வு சரி, ஆனாலும் சோதனை 1-லும் 3-லும் தோல்வி. இப்போது பூஸ்டரை மாற்றலாம். ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் மாற்றினால் அடுத்ததும் போகும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பிரேக் பைப்களைக் கழற்றாமல், பைப் மடங்காத அளவுக்கு முன்னால் நகர்த்துங்கள். நடுவில் விரலை விட்டுத் தடவுங்கள். ஈரமாகப் பிசுபிசுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கியிருக்கிறது. டயாஃப்ரம் ஊறிக் கெட்டது அதனால்தான். எந்தச் சக்கரத்திலும் கசிவு தெரியாமல் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்ததற்கும் இதுவே விடை. அப்படியானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கழற்றுவது கஷ்டமில்லை, உடம்புதான் வலிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரைவர் பக்கம் சீட்டைப் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்கு அடியில் கொண்டுபோங்கள். டார்ச்சைப் பல்லில் கடிப்பதைவிட நெற்றி விளக்கு மேல். பெடலையும் பூஸ்டர் ராடையும் இணைக்கும் பின்னில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அது தெறித்தால் மேட்டுக்கு அடியில் தேடி அரை மணி நேரம் போகும், ஒரு துணியால் மூடிக்கொண்டு எடுங்கள். பிறகு சுற்றிலும் நான்கு நட்டு. மேல் இரண்டுக்கும் நீண்ட எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாது. நட்டுகள் போனதும் பூஸ்டர் இன்ஜின் பக்கமாக வெளியே வரும்.

புதியதை மாட்டும்போது கவனிக்க வேண்டியது முன் புஷ் ராடின் நீளம். மாஸ்டர் சிலிண்டரோடு உங்கள் காரின் கையேடு சொல்லும் இடைவெளி இருக்க வேண்டும். ராடு நீளமாக நின்றால் கால் வைக்காமலே பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய பூஸ்டரைப் பிரித்து கிட் போட்டுத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் சம்மதிக்க மாட்டேன்.

காற்று சரி, ஆனாலும் இறுக்கம்

சோதனை 1-ல் பெடல் ஒழுங்காக இறங்கியிருந்தால் இங்கே வாருங்கள். பெடல் ஆடும் மேல் அச்சில் இருக்கும் புஷ் என்ற வளையம் துருப்பிடித்துப் பெடலே கனமாகத் திரும்பலாம். பின்னைக் கழற்றி விரலால் ஆட்டினால் தெரியும். காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பின் ஜாம், பிஸ்டன் துரு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க ஆளில்லாத மைதானத்தில் மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓட்டியபின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கேதான்.

ஓட்ட ஓட்டப் பெடல் மேலே ஏறி இறுகி, வண்டியே பிடித்துக்கொள்கிறதா? பிடித்த நிலையிலேயே காரை ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, வரிசையாகத் தளர்த்துங்கள். மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைத் தளர்த்தியதும் சக்கரம் சுற்றினால் புஷ் ராடு நீளம். சுற்றாமல், மாஸ்டரின் பைப்பைத் தளர்த்தியதும் சுற்றினால் மாஸ்டரில் ஆயில் திரும்பும் துளை அடைப்பு. அப்போதும் சுற்றாமல், சக்கரத்தில் ஏர் எடுக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் சுற்றினால் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் காலிப்பர்.

மாஸ்டர் துளை அடைவதற்கு ஒரு கொடுமையான காரணம் உண்டு: பிரேக் ஆயில் டப்பாவில் யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றியிருப்பது. ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும். டப்பா மூடியின் ரப்பர் உப்பி, பழைய இடத்தில் உட்காராமல் நெளிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கே கழுவி மிச்சம் பிடிக்க வழியில்லை. மாஸ்டர், காலிப்பர் சீல், ஹோஸ் என ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

முடித்த பிறகு

பைப்பைத் திறந்திருந்தால் உள்ளே புகுந்த ஏரைக் கையேடு சொல்லும் வரிசையில் எடுங்கள். பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பது எதுவோ அது, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

பிறகு அந்த 3 சோதனைகளையும் மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி, பெடலை விட்டதும் பிரேக் லைட் அணைகிறதா என்று கேளுங்கள். ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நாலு முறை நிறுத்திப் பார்த்து, அப்புறம் ஏசி போட்டுக்கொண்டு ஐடிலில் அடுத்தடுத்து ஐந்தாறு முறை மிதியுங்கள். கடைசி மிதியும் முதல் மிதி போலவே இருந்தால் ரோட்டுக்கு எடுக்கலாம். ஒரு வாரம் கழித்து பிரேக் ஆயில் அளவையும், வால்வு உட்கார்ந்திருக்கும் குரோமெட்டையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.